15 லிட்டர் உப்புநீர்த் தொட்டி: எந்த இறால், எந்த நண்டு, எந்த நத்தை?

ஈசூன்_தொட்டி கேட்டது:
சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் குட்டித் தொட்டி. கல், மணல் போக நீர் 15 லிட்டர். லைவ் ராக் (நுண்ணுயிர் குடியேறிய கடற்கல்) 1.5 கிலோ, 2 செ.மீ. மணல், தொங்கும் ஃபில்ட்டர், மேலே சின்ன விசிறி. சைக்கிள் (கழிவை முறிக்கும் நுண்ணுயிர் தொட்டியில் வளர்வது) முடிந்து ஆறு வாரம். அமோனியா, நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 5. மீன் வேண்டாம். மனதில் இருப்பவை: கிளீனர் இறால் 2, நீல லிங்க்கியா நட்சத்திர மீன் 1, சின்ன அனிமோன் (பூப்போன்ற கடல் உயிர்) 1, டர்போ நத்தை 4. உப்பளவு 35-இல் (ஆயிரத்தில் 35 பங்கு) வைத்தால் மூன்றே நாளில் 38 காட்டுகிறது. ரிஃப்ராக்டோமீட்டர் கெட்டுவிட்டதா?

உப்புக்கணக்கு:
கருவி சரியாகத்தான் சொல்கிறது. விசிறி ஓடும் தொட்டியில் நாளுக்கு 400 மி.லி. ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் 1.2 லிட்டர். உப்பு போகாது, நீர்தான் போகும். 35 × 15 ÷ 13.8 = 38. பெரிய தொட்டியில் தெரியவே தெரியாத இழப்பு இது.

விசிறியை நிறுத்தவும் முடியாது. நம் ஊர் அறைச்சூட்டில் நீர் 30 டிகிரியைத் தொடும், விசிறி அதில் 2, 3 டிகிரி குறைக்கும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் அதுவரை உப்பில்லாத நல்ல நீர் ஊற்றுங்கள். உப்புநீர் ஊற்றினால் இன்னும் ஏறும். பொதுப் பயனீட்டுக் கழகக் குழாய்நீரில் குளோரமின் இருக்கிறது, ஒரு இரவு வாளியில் வைத்தால் போகாது. ஆர்.ஓ. நீர், இல்லையென்றால் குளோரமினை நீக்கும் என்று புட்டியில் எழுதியிருக்கும் மருந்து. வாளிக்கு மூடி போடுங்கள், ஏடிஸ் முட்டையிட அதுவே போதும்.

தானாக நீர் நிரப்பும் கருவி வாங்கினால் அதன் டப்பாவில் 1 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். சென்சார் சிக்கி முழுவதும் கொட்டினாலும் 33-க்குக் கீழே அதிகம் இறங்காது. 3 லிட்டர் என்றால் 29. நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கிவிடும், இறால் தாங்காது.

கல்நண்டு:
உப்பளவு இரண்டு வாரம் ஆடாமல் நிற்கட்டும், பிறகு உயிர்களைப் பற்றிப் பேசலாம். அந்தப் பட்டியலில் இந்தத் தொட்டிக்கு எதுவுமே ஆகாது.

லிங்க்கியா கல்மேல் படியும் நுண்படலத்தை மேய்வது. 1.5 கிலோ கல்லில் அதற்குத் தீனி கிடையாது. மாதக்கணக்கில் மெல்லப் பட்டினி கிடந்து சாகும். கவனிக்காமல் அழுகினால் 15 லிட்டரில் அமோனியா எல்லாவற்றையும் கொண்டுபோகும். அனிமோன் இடம் பிடிக்காவிட்டால் ஊர்ந்து போய் ஃபில்ட்டர் வாயில் மாட்டும். டர்போ கல்லை உருட்டும், பாசியை ஒரே வாரத்தில் முடித்துவிட்டுப் பட்டினி. கிளீனர் இறால் 5, 6 செ.மீ. வளரும், பவளத்துக்குக் கொடுக்கும் தீனியை வாயிலிருந்தே பிடுங்கும். ஹார்லிக்வின் இறாலின் அழகில் மயங்கிவிடாதீர்கள், அது நட்சத்திர மீனை மட்டுமே தின்னும்.

நான் சொல்வது: செரித் நத்தை 2, டிரோக்கஸ் 1. டிரோக்கஸ் கவிழ்ந்தால் தானே திரும்பும். அஸ்ட்ரியா திரும்பாமல் கிடந்தே சாகும், கடைக்காரர் இரண்டையும் ஒன்று என்று சொன்னால் நம்பவேண்டாம். மூன்று வாரம் கழித்து செக்ஸி இறால் 3. இரண்டு செ.மீ.கூட வராது, கூட்டமாக இருந்தால்தான் வெளியே வரும். வாரம் மூன்று தரம் பொடித்த உருண்டைத் தீனி ஒரு சிட்டிகை கொடுங்கள். பசித்தால், சோவாந்திட் (பவளத்தின் உறவான, பூப்போன்ற உயிர்) வைத்திருந்தால் அதைக் கடிக்கும். கடைசியாக பாம்பாம் நண்டு 1. கைகளில் குட்டி அனிமோன்களைப் பிடித்துத் திரிவது. பகலில் பதுங்கும், விளக்கணைத்த பிறகு பாருங்கள். ஹெர்மிட் நண்டைத் தவிர்க்கலாம். ஆசையென்றால் ஒன்று, கூடவே அளவு வித்தியாசமாக மூன்று காலி ஓடு. ஓடு கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் ஏறும்.

ஈசூன்_தொட்டி:
நன்றி அண்ணா. கடற்கரையில் பொறுக்கினால் ஆகாதா? இறாலைத் தொட்டியில் விடும்போது எதைக் கவனிக்கணும்?

பாசிர்ரிஸ்_அலை:
பொறுக்கவேண்டாம். லாப்ரடோர் இயற்கைப் பாதுகாப்புப் பகுதியிலும் சிஸ்டர்ஸ் தீவுக் கடல் பூங்காவிலும் அனுமதியின்றி எடுப்பது குற்றம்.

விடும்போது பையோடு மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்குங்கள். பிறகு பையில் உள்ளதை டப்பாவில் ஊற்றி, காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டு அதன் வழியே தொட்டிநீர் நொடிக்கு 2 சொட்டு, ஒரு மணி நேரம். பை வெகுதூரம் வந்ததென்றால் நேரத்தை இழுக்காதீர்கள்: திறந்ததும் கரிவாயு வெளியேறி பி.எச். ஏறும், அடங்கிக் கிடந்த அமோனியா நஞ்சாகும். பை நீரைத் தொட்டியில் ஊற்றாமல், இறாலை மட்டும் சின்னக் கிண்ணத்தால் மாற்றுங்கள்.

செம்பு உள்ள மீன் மருந்து ஒருபோதும் கூடாது. எல்லாரும் மறப்பது கொசுப் புகை. அதிலுள்ள பைரித்ராய்டு இறாலுக்கும் நண்டுக்கும் துளியளவே எமன். நகர மன்றம் புகையடிக்கும் அறிவிப்பு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தால் அன்று சன்னலை மூடி, விசிறியையும் காற்றுப் பம்பையும் நிறுத்தி, தொட்டிமேல் பிளாஸ்டிக் விரிப்பு, ஃபில்ட்டர் ஓடட்டும். வாடை போன பிறகு எடுங்கள். வீட்டில் அடிக்கும் கரப்பான் ஸ்பிரேயும் அதே கதைதான்.

கல்நண்டு:
ஒன்று விட்டுப்போச்சு. இறால் வடிவில் வெள்ளையாக, உள்ளே காலியாக ஒன்று மிதந்தால் பதறி அள்ளிவிடாதீர்கள். சட்டை உரித்தது அது. இறால் கல்லிடுக்கில் இரண்டு நாள் ஒளிந்திருக்கும். இளஞ்சிவப்பாக, நாற்றத்தோடு கிடந்தால்தான் பிணம். உடனே எடுத்துவிட்டு 3 லிட்டர் நீர் மாற்றுங்கள்.