கார்புரேட்டர் பழகிய கை, இனி என்ன செய்வது?

வியாசர்பாடி மெக்கானிக்:

எனக்கு 48 வயது. வியாசர்பாடியில் டூவீலர் கடை வைத்து 26 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் ஓட்டேரியில் ஒரு மாஸ்டருக்கு ஆறு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். வண்டி ஐடிலிங்கில் நிற்கும் சத்தத்தை வைத்தே, கார்புரேட்டரில் காற்றைத் திருத்தும் ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமைதான் இப்போது வினையாகிவிட்டது.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்து, ஸ்ப்ளெண்டர் வரைக்கும் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் ஆனது. ஊரடங்கில் கடையே மூடிக் கிடந்தது. அப்புறமும், ‘ஃப்ரீ சர்வீஸ் முடிந்தால் நம்மிடம்தானே வரும்’ என்று இருந்துவிட்டேன். வந்தது, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலோடு. தண்ணீர் வடிந்த மறுநாள் கடை வாசலில் 17 வண்டி. பழைய வண்டிகளில் ப்ளக்கைக் கழற்றி, கிக்கரை அடித்து சிலிண்டர் தண்ணீரை வெளியேற்றி, பால் டீ நிறத்துக்கு வந்திருந்த ஆயிலை மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து ஊதி, ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டேன். இன்ஜெக்‌ஷன் வண்டி ஐந்து. அதில் மூன்றில், மீட்டரில் கோளாறு காட்டும் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. கொளத்தூரில் கடை வைத்திருக்கும் பையனிடம் கொண்டுபோனேன். என்னிடம் தொழில் பழகியவன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். அதுதான் உறுத்தியது.

என் மாஸ்டர், ப்ளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்டின் கேப்பை சிகரெட் அட்டை வைத்துப் பார்ப்பார். பாயிண்டுக்குப் பதிலாக சிடிஐ என்ற எலெக்ட்ரானிக் டப்பா வந்தபோது, ‘டப்பாவை நம்பித் தொழில் பண்ண மாட்டேன்’ என்று அந்த வண்டிகளை எங்களிடம் தள்ளிவிட்டார். கடைசி இரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர்தான் படித்தார்.

இப்போது, இன்ஜெக்‌ஷன் வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் 22,000 ரூபாய் சொல்கிறார்கள். அது வாங்கி முடிப்பதற்குள் தெருவெல்லாம் பேட்டரி வண்டி ஆகிவிடும் போலிருக்கிறது. செலவு செய்யலாமா, இல்லை இருப்பதை வைத்து ஓட்டலாமா?

ஆர்எக்ஸ் பிரியன்:

எதற்குப் பதறுகிறீர்கள்? ரோட்டில் கார்புரேட்டர் வண்டி இன்னும் எவ்வளவு ஓடுகிறது! பழைய யமஹா ஆர்எக்ஸ்100 வைத்திருக்கும் நாங்கள் நல்ல ட்யூனிங் கை கிடைக்காமல் அலைகிறோம். அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் கடைக்காரன்:

அண்ணா, ஆர்எக்ஸ் வண்டி மாதத்துக்கு எத்தனை வரும்? அதை நம்பி வாடகை கட்ட முடியாது.

ஸ்கேனர் அப்புறம். முதலில் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள். ஹோண்டா வண்டிகள் நிறையவற்றில் சர்வீஸ் கப்ளரில் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) குறிப்பிட்ட இரண்டு வயரைச் சேர்த்துவிட்டு சாவி போட்டால், அந்த மஞ்சள் விளக்கே கோளாறைச் சொல்லும். நீளமாக எரிந்தால் 10, குட்டியாக எரிந்தால் 1. எண்ணிக் கூட்டி மேனுவலில் பாருங்கள். எந்த வயர் என்பதையும் மேனுவலைப் பார்த்தே சேருங்கள், குத்துமதிப்பாக வேண்டாம். பல நேரம் சென்சார் நன்றாகத்தான் இருக்கும், கப்ளரில்தான் தண்ணீர் புகுந்திருக்கும். நம் ஊர் வெள்ளத்துக்கு இது ஒன்று தெரிந்தாலே பாதி வேலை.

பேட்டரி வண்டியைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இன்ஜின் ஆயில் கிடையாது, ப்ளக் கிடையாது, கிளட்ச் கிடையாது. ஆயில் சர்வீஸில் வரும் காசு அதில் வராது. பிரேக், டயர், பேரிங், வயரிங் நம் கையில் இருக்கும். பேட்டரி பக்கம் போகும்போது மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழற்றிவிடுங்கள். ஷாக் அடிக்காத வோல்டேஜாக இருந்தாலும் ஸ்பேனர் குறுக்கே பட்டால் பழுக்கக் காய்ந்துவிடும். தண்ணீரில் மூழ்கிய பேட்டரி வண்டியை யார் கேட்டாலும் சார்ஜில் போடாதீர்கள். நேரே கம்பெனிக்கு அனுப்பிவிடுங்கள்.

மாதவரம் டீச்சர்:

நான் ஐக்யூப் பேட்டரி ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஒருநாள் முன்சக்கரத்தில் கிரீச் என்று சத்தம். தெருமுனை மெக்கானிக் தள்ளி நின்றே, ‘பேட்டரி வண்டியைத் தொட மாட்டேன்மா’ என்றார். சர்வீஸ் சென்டரில் நாலு நாள் கழித்துத்தான் நேரம் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் டிஸ்க் பிரேக் பேடில் சின்னக் கல் சிக்கியிருந்தது. சக்கரம் சக்கரம்தானே?

வியாசர்பாடி மெக்கானிக்:

நேற்று ஒரு ஆக்டிவா வந்தது. மேனுவலைப் பார்த்து வயரைச் சேர்த்துவிட்டு, சாவி போட்டு, குத்தவைத்து எண்ணினேன். ஒரு நீளம், இரண்டு குட்டி. 12, இன்ஜெக்டர். கப்ளரைப் பிடுங்கினால் உள்ளே இருக்கும் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. சுத்தம் செய்து மாட்டினேன், விளக்கு அணைந்துவிட்டது. எவ்வளவு கேட்பதென்று தெரியாமல், கார்புரேட்டர் சர்வீஸுக்கு வாங்கும் 150 ரூபாயையே வாங்கினேன்.

டீச்சர், பிரேக் சத்தம் என்றால் தாராளமாக வாருங்கள். பேட்டரி மூடியை மட்டும் இப்போதைக்குத் திறக்கச் சொல்லாதீர்கள்.

கொளத்தூர் பையனுக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஒரு பேட்டரி வண்டியைப் பிரித்துக் காட்டு என்றேன். ‘நீங்க எதுக்கு மாஸ்டர் அலையறீங்க, நான் வர்றேன்’ என்றான். வேண்டாம்டா, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா என்றேன். சிரித்தான். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறான்.