மும்பை மழைக்காலத்தில் .32 ரிவால்வர்: துருவும் தோட்டாவும்

செம்பூர்வாசி (கேள்வி)

வணக்கம். லைசென்ஸில் இருப்பது ஐ.ஓ.எஃப். (இந்திய ஆயுதத் தொழிற்சாலை) .32 ரிவால்வர். கறுப்புப் பூச்சு, மரப் பிடி. வருஷத்தில் பெரும்பாலான நாள் லாக்கரில் தோல் உறையோடுதான் கிடக்கிறது. ஜூன் பிறந்துவிட்டால் சிலிண்டர் (தோட்டா போடும் சுழல் உருளை) ஓரத்திலும் ஹேமரைச் (அடிக்கும் சுத்தி) சுற்றியும் செம்புள்ளி கிளம்புகிறது. துடைத்து எண்ணெய் விட்டால் பத்தே நாளில் அதே இடத்தில் மறுபடி வருகிறது. கடைக்காரர் இதைக் கொடுத்துவிட்டு அஷானி பிஸ்டல் வாங்கச் சொல்கிறார். மும்பைக் காற்றுக்கு எது தாங்கும்? என்ன எண்ணெய், எத்தனை நாளுக்கு ஒரு தடவை? தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் எப்படித் தயார் செய்து கொடுக்க வேண்டும்?

எண்ணெய்த்துணி

முதல் வேலை, அந்தத் தோல் உறையிலிருந்து வெளியே எடுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்த்த உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும். அது உராயும் இடங்களில்தான் பூச்சு முதலில் போகும். ஸ்பாஞ்சு வைத்த பெட்டியும் இதே கதைதான். உறை இடுப்பில் கட்டிப் போவதற்கு, வைத்துப் பூட்டுவதற்கு அல்ல.

எண்ணெய் விட்டும் துரு ஏன் திரும்ப வருகிறது? அடியில் உப்பு இருப்பதால். கடல் காற்றில் வரும் உப்பும் விரல் வியர்வை உப்பும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீர்த்துவிடும். ஜூலையில் நம்ம ஊரில் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். எண்ணெய்க்கு உப்பைக் கரைக்கத் தெரியாது, மேலே மூடி மட்டும் போடும். மூடிக்குள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே உப்பை எடுத்த பிறகுதான் எண்ணெய். தோட்டாவை எடுத்து வேறு அறையில் வையுங்கள். ரிவால்வரை மடித்துத் திறந்து சிலிண்டரின் 6 தோட்டா அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிடியின் திருகைக் கழற்றி மரத்துண்டு இரண்டையும் எடுங்கள். திருகுத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூடிரைவர் வேண்டும், இல்லையென்றால் தலை சிதைந்துவிடும். மரத்துக்கு அடியில் மெயின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் எத்தனையோ ரிவால்வர்களில் துரு ஒளிந்திருப்பது அங்கேதான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எல்லாவற்றையும் துடையுங்கள். மழையில் நனைந்திருந்தாலோ கடல் நீர் பட்டிருந்தாலோ துணி போதாது, நல்ல தண்ணீரில் நன்றாக அலசத்தான் வேண்டும். தயங்காதீர்கள், எஃகைத் தின்பது தங்கிப்போகும் தண்ணீர்தான்.

அடுத்து ஹேர் டிரையரை மிதமான சூட்டில் பத்து நிமிடம் காட்டுங்கள். அதன் பிறகு டபிள்யூடி-40 மாதிரி நீரை விரட்டும் ஸ்பிரேயை ஹேமர் பிளவிலும் ட்ரிக்கர் ஓரத்திலும் அடித்து வடியவிட்டுத் துடையுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது நீரை வெளியேற்றும், மாதக்கணக்கில் காவல் காக்காது. கடைசியாகத் துரு தடுக்கும் துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஹேமர் அச்சு, ட்ரிக்கர் அச்சு, மடியும் கீல், சிலிண்டர் அச்சு, இவற்றுக்கு ஒவ்வொரு சொட்டு போதும். சமையல் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டவே வேண்டாம், சில மாதத்தில் பிசினாகி ஹேமரின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இருக்கிற செம்புள்ளியை எண்ணெயில் நனைத்த மிக மெல்லிய 0000 எஃகுப் பஞ்சால் அழுத்தாமல் தேயுங்கள். உப்புத்தாளைத் தொடவே கூடாது, பூச்சு போய்விடும். அந்தக் கறுப்புப் பூச்சு மெல்லியது, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் உதவும். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சுத்தம் செய்யும் கம்பியைப் பின்பக்கத்திலிருந்து, குழலுக்கு நேராக இருக்கும் அறை வழியாக விடுங்கள். வாய்ப்பக்கமிருந்து விட்டால் குழல் முனை தேய்ந்து குறி விலகும்.

மழைக்காலத்தில் 10 நாளுக்கு ஒருமுறை துடைத்தல், மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை. கையில் எடுத்த ஒவ்வொரு முறையும் துடைத்த பிறகே உள்ளே வையுங்கள். பிடியைக் கழற்றுவது வரைதான் நம் வேலை. உள் பாகத்தைக் கழற்றுவது, ஸ்பிரிங் மாற்றுவது எல்லாம் லைசென்ஸ் உள்ள டீலரிடம்தான். பழுது பார்ப்பதற்கே ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவில் லைசென்ஸ் கேட்கிறார்கள்.

பத்துமீட்டர்

பிஸ்டலா ரிவால்வரா என்ற கேள்விக்கு வருகிறேன். வீடியோவில் சேற்றில் புதைத்துச் சுடுவதைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். அதில் வருவது பெரும்பாலும் 9 மி.மீ., இங்கே அது தடை செய்யப்பட்ட போர் (குழல் அளவு). நாம் பேசும் ரிவால்வர், அஷானி இரண்டும் .32தான்.

1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் பிரவுனிங் வடிவமைத்த பிஸ்டலில் 6,000 தோட்டா சுட்டுப் பார்த்தது, ஒரு தடங்கலும் இல்லை. இடையிடையே எண்ணெய் விட்டு, புதுத் தோட்டா போட்டுச் செய்த சோதனை அது. உங்கள் ரிவால்வருக்கு வருகிற சோதனை வேறு. ஐந்து மாதம் சும்மா கிடந்துவிட்டு முதல் தடவையிலேயே சுட வேண்டும்.

ஈராக்கில் அமெரிக்கப் படையின் எம்9 பெரெட்டா மணலில் திணறியபோது, கோளாறு பெரும்பாலும் பிஸ்டலில் இல்லை. ஒரு தொகுதி மேகசின்களின் (தோட்டா அடுக்கும் பெட்டி) உள்பக்கத்தில் சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சு. மணல் அதில் ஒட்டி, தோட்டா மேலே எழும்பாமல் நின்றது. வழவழப்பான பூச்சுக்கு மாற்றித்தான் சரி செய்தார்கள். பிஸ்டல் என்றாலே முதல் சந்தேகம் மேகசின் மேல்தான் வரவேண்டும்.

அஷானியில் போடும் .32 ஏ.சி.பி. தோட்டாவின் விளிம்பு உடலைவிடச் சற்றே அகலம். மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் விழுந்துவிட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்பின் சறுக்கும் பாகம்) எத்தனை தடவை இழுத்தாலும் அசையாது, மேகசினை வெளியே எடுத்துத் தோட்டாவைத் தள்ளி எடுக்க வேண்டியதுதான். ஏற்றும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் கீழுள்ளதற்கு முன்னால் உட்கார்கிறதா என்று பாருங்கள். மேகசின் உள்ளே எண்ணெய் ஊற்றக்கூடாது, தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும்.

ரிவால்வரில் தோட்டா வெடிக்கவில்லை என்றால் ட்ரிக்கரை மறுபடி இழுத்தால் அடுத்த அறை வந்துவிடும். ஆபத்து நேரத்துக்கு இது பெரிய பலம். ஆனால் சுடும் பயிற்சி ரேஞ்சில் இப்படிச் செய்யாதீர்கள். குழல் வாயை இலக்குப் பக்கமே வைத்து 30 வினாடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா, குழலுக்கு நேரே இல்லாத அறையில் வெடித்தால் கையே போய்விடும்.

ரிவால்வரின் பலவீனம், வெற்றுக் கூட்டைத் தூக்கும் நட்சத்திரத் தகடு. அதன் அடியில் எரியாத மருந்துத் துகள் நாலு ஒட்டினாலே தகடு முழுதாகப் படியாது, தோட்டா சற்றே பின்தள்ளி நின்று சிலிண்டரை இறுக்கும். திறக்கும்போது பக்கவாட்டில் சாய்த்து ஒரே வீச்சில் திறங்கள். மெதுவாகத் திறந்தால் ஒரு கூடு தகட்டுக்கு அடியில் நழுவி மாட்டிக்கொள்ளும்.

நிர்பீக் என்ற இலகு .32 ரிவால்வர் பற்றியும் கேட்பார்கள். அது டைட்டானியம் கலவை, சுமார் 500 கிராம். உடல் சட்டகம் துருப்பிடிக்காது, ஆனால் ஸ்பிரிங் எஃகுதான். பராமரிப்பு குறையாது.

என் தீர்ப்பு: இப்போதைய ரிவால்வரையே வைத்துக்கொள்ளுங்கள். உப்பைத் துடைக்காத கையில் அஷானியும் இதே மாதிரிதான் துருப்பிடிக்கும், கூடவே மேகசினையும் பார்க்க வேண்டி வரும்.

கே.எஃப். முத்திரை

தோட்டாவைப் பற்றி யாருமே சொல்லவில்லையே. ஈரமான ஊரில் சுடாமல் போவதற்குத் தோட்டாதான் அடிக்கடி காரணம்.

உறையின் தோல் வளையங்களில் தோட்டாவைச் செருகி வைக்கும் வழக்கத்தை விடுங்கள். பித்தளையும் தோலும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு வரும், அறைக்குள் தோட்டா ஒட்டிக்கொள்ளும். லேசான பச்சையை உலர்ந்த துணியால் துடைத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். பள்ளம் விழுந்தது, பிரைமர் (தோட்டா அடியில் தீ மூட்டும் சிறு மூடி) ஓரத்தில் பச்சை படர்ந்தது, குண்டு கூட்டுக்குள் ஆடுவது, இவற்றைச் சுடாதீர்கள். குப்பையில் போடாமல் டீலரிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

எண்ணெய் விட்ட ரிவால்வரில் தோட்டா போடும்முன் அறை ஆறையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் பிரைமருக்குள் ஊறினால் சத்தம் மட்டும் ‘டப்’ என்று வந்து குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். வழக்கத்தைவிடச் சத்தமும் உதைப்பும் குறைவாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காலி செய்து, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடக்கூடாது. சிலிண்டர் சுழல மறுத்தால் பலவந்தம் வேண்டாம், குண்டு குழலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நிற்கலாம்.

செம்பூர்வாசி

மிக்க நன்றி. லாக்கரில் சின்ன ஈரமானி வைத்துப் பார்த்தேன், 72 காட்டுகிறது. அதை நம்பலாமா? எவ்வளவு சிலிக்கா ஜெல் வைப்பது?

எண்ணெய்த்துணி

மலிவு ஈரமானி அஞ்சாறு புள்ளி பிசகும். ஒரு மூடியில் சமையல் உப்பு போட்டு, குழையும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஜிப் பையில் காற்றுப் புகாமல் மூடுங்கள். 8 மணி நேரம் கழித்து 75 காட்ட வேண்டும். 79 காட்டினால், எப்போதும் 4 கழித்துப் படியுங்கள்.

நமக்கு வேண்டியது 50-க்கு அருகில். 60-ஐத் தாண்ட விடாதீர்கள். பீரோ லாக்கர் காற்றை உள்ளே விடும் என்பதால், ரப்பர் வளையம் உள்ள டப்பாவில் ரிவால்வரை வைத்து அதை லாக்கருக்குள் வைப்பதே மேல். 5 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் தாராளம். ஆரஞ்சு பச்சையானால் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி மறுபடி வையுங்கள். ஜெல் பை உலோகத்தைத் தொட வேண்டாம்.

ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது எண்ணெய் போதாது, துரு தடுப்பு கிரீஸை மெல்லியதாகப் பூசி, துரு தடுக்கும் ஆவி வெளியிடும் வி.சி.ஐ. பையில் போட்டுக் கொடுங்கள். குழல் வாயில் பஞ்சோ தக்கையோ வைக்காதீர்கள், ஈரம் உள்ளே அடைபடும், எடுக்க மறந்து சுட்டால் குழல் வெடிக்கும். ‘குழலில் கிரீஸ், துடைக்காமல் சுடாதே’ என்று அட்டை கட்டுங்கள். கொடுக்கும் நாளிலேயே நாலு பக்கமும் படம் எடுத்து, ரசீதில் ரிவால்வரின் வரிசை எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் உள்ள டீலரிடமும் ஒப்படைக்க வழி உண்டு. ஸ்டேஷனில் அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள், டீலர் கிடங்கில் ஈரம் குறைவாக இருந்தால் அதுவே நல்லது. திரும்பி வந்த அன்றே பிடியைக் கழற்றிப் பாருங்கள்.