பெரியம்மாவின் வலிப்பு: குடும்பக் குழுவில் இன்று காலை

அண்ணன், 6.40: நேற்றிரவு அம்மாவின் வலக்கைப் பெருவிரல் துடிக்கத் தொடங்கி, துடிப்பு தோள்வரை ஏறி, பின்னர் உடல் முழுவதும் வெட்டி இழுத்தது. மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவியதால் வந்த வலிப்பு என்று மருத்துவர் கூறினார். நினைவு திரும்பிவிட்டது, வலக்கை மட்டும் தளர்ந்திருக்கிறது.

மாமா, 6.52: அக்காவின் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தீர்களா? இது பக்கவாதம் இல்லையே?

நான், 7.05: மாமா, பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்குவதால், அந்த நேரத்தில் கையிலிருந்த சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. வலிப்புக்குப் பின் வரும் தளர்ச்சி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நீங்கிவிடும். ஆயினும் கட்டியில் இரத்தம் கசிந்தாலும் கை இப்படித் தளரும் என்பதால், ஸ்கேன் எடுத்தது சரிதான்.

அண்ணன், 7.11: பதற்றத்தில் பற்களுக்கிடையே கரண்டியைச் செருகிவிட்டேன். ஒரு பல் ஆடுகிறது.

நான், 7.16: வருந்தாதீர்கள் அண்ணா, நம் ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இனி வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் கடந்தாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள்.

சித்தி, 7.30: மூளையில் கட்டி இருப்பது போன மாதமே தெரிந்தும், வலிப்பு மாத்திரையை ஏன் அப்போதே கொடுக்கவில்லை? எனக்கு இது கவனக்குறைவாகவே படுகிறது.

நான், 7.44: சித்தி, உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அது கவனக்குறைவு அன்று. மூளைக்குப் பரவியவர்களில் பெரும்பாலோருக்கு வலிப்பு வருவதே இல்லை. ஒருமுறையும் வலிப்பு வராதவர்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுப்பதால் பயன் தெரியவில்லை, பக்கவிளைவு மட்டும் மிஞ்சுகிறது என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2000-லேயே வழிகாட்டியது. 2021-இல் வந்த புதிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ஒருமுறை வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். இனி மாத்திரை கட்டாயம்.

மாமா, 7.50: வீட்டில் ஃபெனிட்டாயின் என்ற பழைய வலிப்பு மாத்திரை இருக்கிறது, கொண்டுவரட்டுமா?

நான், 7.58: வேண்டாம் மாமா. அது கல்லீரலைத் தூண்டி, மூளை வீக்கத்திற்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனையும் சில புற்றுநோய் மருந்துகளையும் விரைவாகக் கரைத்துவிடும். இப்போது மருத்துவர் எழுதியிருக்கும் வலிப்பு மாத்திரையான லெவெட்டிரசெட்டத்திற்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது சிலருக்கு எரிச்சலையும் அழுகையையும் தரும். பெரியம்மா காரணமின்றிச் சினந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டெக்சாமெத்தசோனையும் அப்படியே.

அண்ணன், 8.10: காலை 8, இரவு 8 என்று அலாரம் வைத்துவிட்டேன்.

சித்தி, 8.14: இன்றிரவு நான் அக்காவின் அருகில் படுத்துக்கொள்கிறேன், நீ கொஞ்சம் உறங்கு.