போஸ்ட்டாக்குக்கு ரேடியாலஜி அறை எதற்கு?

நிரல்நாடன்: புற்றுநோய்ப் பட ஆய்வுக்கு வரும் போஸ்ட்டாக்குகள் (முனைவர் பட்டம் முடித்து ஆய்வில் சேருபவர்கள்) முதல் மூன்று மாதம், டாக்டர்கள் ஸ்கேன் படங்களைப் பார்க்கும் ரேடியாலஜி அறையில் உட்கார வேண்டும் என்று கதிரறை நேற்று இன்னொரு திரியில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. இயற்பியலிலோ கணினியிலோ முனைவர் பட்டம் வாங்கியவனை இருட்டறையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பதற்குப் பெயர் பயிற்சியா? கட்டி எங்கே என்று டாக்டர்கள் ஏற்கெனவே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். படத்தில் கட்டியைத் தேடக் கற்கும் ஏஐ மாடலுக்கு அது போதும்.

கதிரறை: எந்த டாக்டர் போட்ட கோடு? நீங்கள் எல்லாரும் மாடலை ஓட்டிப் பார்க்கும் எல்ஐடிசி என்ற படத்தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். 1018 நுரையீரல் சிடி ஸ்கேன். ஒவ்வொன்றையும் நான்கு ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியாகப் பார்த்தார்கள். அப்புறம் மற்ற மூவரின் குறிகளையும் காட்டி மறுபடி பார்க்கச் சொன்னார்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறையாத கட்டி என்று ஒருவராவது குறித்தவை 2669. நால்வரும் அப்படிக் குறித்தவை 928. மறுபடி சொல்கிறேன், 2669இல் 928தான்.

நிரல்நாடன்: 2011இல் வந்த கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். நால்வர் கோட்டையும் சேர்த்துப் பெரும்பான்மை எடுத்தால் முடிந்தது. அதற்கு எதற்கு இருட்டறை?

கதிரறை: இரண்டு பேர் கட்டி என்கிறார்கள், இரண்டு பேர் இல்லை என்கிறார்கள். பெரும்பான்மை எங்கே இருக்கிறது? ஒரே ஸ்லைஸில் (சிடியின் ஒரு அடுக்குப் படத்தில்) பார்த்தால் ரத்தக்குழாயின் குறுக்குவெட்டும் கட்டியும் ஒரே மாதிரி வட்டமாகத்தான் தெரியும். மேலும் கீழும் உருட்டிப் பார்த்தால் குழாய் நீண்டுகொண்டே போகும், கட்டி இரண்டு மூன்று ஸ்லைஸில் முடிந்துவிடும். இதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காதவன், மாடல் குழாயைக் கட்டி என்று சொல்லும்போது நிரலில்தான் பிழை தேடுவான். 928க்குப் பதில் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்வாசி: பயிற்சி பயிற்சி என்கிறீர்கள், யாருக்கு? அமெரிக்காவில் அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச் கொடுக்கும் டி32 என்ற பயிற்சி நிதியில் சேரக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். விசாவில் வந்த நம் ஆட்களுக்கு அந்தக் கதவு திறக்காது. பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியில் சம்பளம், அவர் சொன்ன கட்டுரையை முடிக்கவே நேரம் சரியாக இருக்கும். மூன்று மாதம் சும்மா உட்கார யார் விடுவார்கள்?

கதிரறை: சும்மா உட்காருவது என்று யார் சொன்னது? விசா வேறு பேச்சு. 928 என்ன ஆயிற்று?

ஹூஸ்டன்வாசி: உங்களுக்கு வேறு பேச்சு, எங்களுக்கு அதுதான் பிழைப்பு. புதிதாகச் சேரும் போஸ்ட்டாக்குக்கு 2024இல் என்ஐஎச் வைத்த உதவித்தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். பாஸ்டனில் வாடகை கொடுத்துப் பாருங்கள்.

மருதம்: நான் ரேடியாலஜிஸ்ட். இவர்களுக்காக வார இறுதிகளில் நூற்றுக்கணக்கான சிடியில் கோடு போட்டிருக்கிறேன். கட்டுரை வெளியானபோது என் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை, நன்றியுரையில் இருந்தது. இனி ரேடியாலஜிஸ்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்தலாம் என்று 2016இல் ஏஐ முன்னோடி ஹிண்டன் சொன்னதைக் கேட்டுக் கைதட்டிய கூட்டம்தான் இது. இன்றைக்கும் எங்கள் கோடு வேண்டும், எங்கள் பெயர் வேண்டாம்.

நிரல்நாடன்: டாக்டர், ஹிண்டன் சொன்னதற்கு நான் எப்படிப் பொறுப்பு? கதிரறைக்கு என் மேல் பழைய கோபம். போன வருடம் அவர் ஒரே நோயாளியின் ஸ்லைஸ்களை மாடலின் பயிற்சித் தரவிலும் சோதனைத் தரவிலும் (பார்த்த கேள்வியையே தேர்விலும் கேட்பது மாதிரி) கலந்து வைத்திருந்ததை எல்லார் முன்னாலும் நான் சொன்னேன். அன்றிலிருந்து இப்படித்தான்.

கதிரறை: அது என் மாணவரின் நிரல், என்னுடையது இல்லை. இழுக்காதீர்கள். 2014இல், ஸ்கேன் படத்திலிருந்து எண்களைப் பிழிந்தெடுக்கும் ரேடியோமிக்ஸ் துறையில் ஒரு கட்டுரை வந்தது, நுரையீரல் நோயாளிகளின் ஆயுளைக் கட்டியின் படத்திலிருந்தே கணிக்கலாம் என்று. 2019இல் வேறொரு குழு சோதித்தது. படத்தின் முப்பரிமாணப் புள்ளிகளான வோக்சல்களின் மதிப்புகளைக் கலைத்துப் போட்டும் கணிப்பு அசையவில்லை. அந்தக் கணிப்பு பெரும்பாலும் கட்டியின் கன அளவைத்தான் சுமந்துகொண்டிருந்தது. படத்தைப் பார்க்கத் தெரியாமல் எண்ணை மட்டும் பார்த்தால் இதுதான் கதி.

நிரல்நாடன்: அதைக் கண்டுபிடித்தது யார்? வோக்சலைக் கலைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்! நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தா கண்டுபிடித்தார்கள்? உங்கள் உதாரணமே என் பக்கம் பேசுகிறது.

கதிரறை: கலைத்துப் பார்க்க வேண்டும் என்ற சந்தேகம் எங்கிருந்து வந்தது? பெரிய கட்டி என்றால் நிலைமை மோசம் என்பது வார்டில் எல்லாருக்கும் தெரியும். இன்னும் 928க்குப் பதில் வரவில்லை. நான்காவது தடவை கேட்கிறேன்.

நிரல்நாடன்: ஆயிரம் தடவை கேளுங்கள். நால்வருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால், அவர்களில் ஒருவர் பக்கத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து அவருடைய தப்பையும் சேர்த்தா கற்றுக்கொள்வது?

கதிரறை: அதனால்தான் ஒருவர் இல்லை, நான்கு பேர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஹூஸ்டன்வாசி: அப்போது பன்னிரண்டு மாதம். சம்பளத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள் சார்.

மருதம்: ஆசிரியர் பட்டியல் பற்றி நான் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.