பள்ளிப்பட்டு பக்கம் சாயங்கால இடிமழை: ரேடாரில் சிவப்பு, ஊரில் வெயில். எதைப் பார்த்து முடிவெடுப்பது? உதவி தேவை

மாந்தோப்பு பள்ளிப்பட்டு

வணக்கம். பள்ளிப்பட்டிலிருந்து கார்வேட்டிநகரம் போகும் வழியில், ஆந்திர எல்லையை ஒட்டி எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. இப்போது பெங்களூரா மாங்காய்ப் பறிப்பு ஓடுகிறது. சாயங்காலம் வரும் இடிமழையை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி கேட்கிறேன். ஆட்கள் துரட்டியோடு மரத்தடியில் நிற்கிறார்கள். இடி வருகிறது என்றால் முதலில் அவர்களை வெளியே கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் தரையில் குவித்த காய்க்குத் தார்ப்பாய் போடுவதெல்லாம்.

பிரச்சினை இதுதான். கைப்பேசியில் சென்னை ரேடார் படத்தைத் திறந்தால் நகரி மலைப் பக்கம் மஞ்சளும் சிவப்புமாக ஏதாவது தெரிகிறது. வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் இங்கே ஒரு சொட்டு விழாது. போன வாரம் நேர்மாறு. நகரி பக்கம் படத்தில் ஒன்றுமே இல்லை. நாலரை மணிக்கு மேற்கேயிருந்து புழுதியோடு காற்று வந்தது. சாலையோரத்து வரிசை மரங்களில் காய் சடசடவென்று உதிர்ந்தது, அதன் பின்னாலேயே மழை. அன்று நான் வைத்திருக்கும் செயலியில் மழை வாய்ப்பு 20 சதவீதம். 80 சதவீதம் போட்ட நாளில் வெயில் காய்ந்தது.

நான் பார்ப்பவை: ரேடாரில் மேக்ஸ் இசட் படம், செயற்கைக்கோள் படம், விண்டி வானிலைச் செயலியில் மழை வரைபடம். இவற்றில் எதை விட வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும்?

நகரி நூல்காரர்

தம்பி, வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். நகரி உங்களுக்கு நேர் கிழக்கே. ஆனி, ஆடியில் இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே போகும். எங்கள் மலையில் சிவப்பு தெரிந்தால், ஒன்று அது உங்களைத் தாண்டி வந்தது, இல்லை இங்கேயே பிறந்தது. எப்படியானாலும் அடுத்து அது போவது திருத்தணி, ஊத்துக்கோட்டை பக்கம்தான். நீங்கள் பார்க்க வேண்டியது சித்தூர், கங்காதர நெல்லூர், பெனுமூர். சித்தூரில் இருட்டினால் என் மச்சான் போன் போடுவார். உடனே சாயம் போட்டுக் காயவைத்த நூலை உள்ளே எடுத்துவிடுவேன்.

திருத்தணி மழைமானி

நகரி அண்ணன் சொன்னதுதான் முதல் விஷயம். பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும். மீதியை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக வரும்.

மேக்ஸ் இசட் என்பது தரையில் விழும் மழையின் படம் அல்ல. மேகத்தின் அடியிலிருந்து உச்சி வரை எந்த உயரத்தில் எதிரொலி அதிகமோ, அந்த அளவை எடுத்து வரைபடத்தில் போடும். ஆறு கிலோமீட்டர் மேலே பனிக்கட்டியும் நீரும் கலந்து நின்றாலும் சிவப்பு தெரியும், கீழே தூறல்கூட இல்லாமல் இருக்கலாம். அந்தப் படத்தின் ஓரங்களில் பட்டை பட்டையாகப் பக்கவாட்டுத் தோற்றம் இருக்கும். சிவப்பு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அங்கே பாருங்கள். உயரத்தில் இருக்கும் சிவப்பு அடுத்தடுத்த படங்களில் கீழே இறங்கினால் மழை கொட்டப்போகிறது என்று அர்த்தம். அதனால் மேக்ஸ் இசட்டை விட வேண்டாம். அதோடு பிபிஐ இசட் (ஒரே சாய்வில் சுற்றிப் பார்த்த எதிரொலிப் படம்), எஸ்ஆர்ஐ இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எஸ்ஆர்ஐதான் தரை மழையின் வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டும் படம்.

அடுத்தது மலை. சென்னைத் துறைமுகத்து எஸ் பேண்ட் டாப்ளர் ரேடார் 2002-இல் வந்தது. அங்கிருந்து பள்ளிப்பட்டு நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் ரேடார் அலைக்கற்றை, பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், உங்கள் தோப்புக்கு மேலே வரும்போது அதன் நடுப்பகுதி சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும். தூரம் போகப் போகக் கற்றை விரியும். அதனால் அதன் அடிப்பகுதி நகரி மலைத்தொடரில் பட்டுத் திரும்ப வாய்ப்பு உண்டு. மென்பொருள் அதை வடிகட்டும். ஆனாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். கண்டுபிடிப்பது சுலபம். வானம் பளிச்சென்று இருக்கும் காலையில் படத்தைத் திறந்து பாருங்கள். அதே இடத்தில், அதே வடிவில், நகராமல் ஒரு புள்ளி இருந்தால் அது மலை. பிபிஐ வி என்ற வேகப் படத்தில் அந்த இடம் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும்.

செயற்கைக்கோள் படத்தில் இந்த மாதங்களில் ஒரு சிக்கல் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை கீழ், நடு மட்டங்களில் காற்று மேற்கிலிருந்து வீசும், மழைக் கூட்டத்தை அதுதான் கிழக்கே தள்ளுகிறது. ஆனால் பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் கிழக்கிலிருந்து மேற்கே பலமான காற்று ஓடும். இடிமேகத்தின் தலைப்பகுதியை அது மேற்கே இழுத்துப் பரப்பிவிடும். மழை திருத்தணியில் கொட்டிக்கொண்டிருக்கும், வெள்ளை மேகம் உங்கள் ஊர் மேல் படர்ந்து தெரியும். படத்தில் பெரிதாக வெள்ளை இருக்கிறதே என்று நீங்கள் காத்திருந்த நாட்களில் சிலவாவது இப்படி இருந்திருக்கும்.

பள்ளிக்கரணையில் ஒரு எக்ஸ் பேண்ட் ரேடாரும் இருக்கிறது. அதன் அலைநீளம் மூன்று சென்டிமீட்டர் அளவு, துறைமுகத்து ரேடாருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவு. சிறிய அலை கனமழைக்குள் புகுந்து வெளியே வருவதற்குள் பலம் குறைந்துவிடும். சென்னைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய மழை நின்றால், அதன் பின்னால் இருப்பது இளைத்துத் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது. பள்ளிப்பட்டுக்குத் துறைமுக ரேடாரையே நம்புங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம். படத்தில் போட்டிருக்கும் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரமா, நம் நேரமா என்று பாருங்கள். யூடிசி என்றால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கைப்பேசி சேமித்து வைத்த பழைய படத்தையே திரும்பக் காட்டுவதும் நடக்கும்.

குடியாத்தம் கோடை

அந்தச் சதவீதக் கணக்கை யாராவது விளக்குங்கள். எங்களுக்கும் இதே கதைதான். செயலி ஆறு மணிக்கு மழை என்று நேரம் போட்டே சொல்கிறது. இன்னொரு கேள்வி: பாகாலா பக்கம் காதங்கியில் பெரிய ரேடார் இருக்கிறதே, நமக்குப் பக்கம்தானே, அதன் படம் ஏன் கிடைப்பதில்லை?

இயற்பியல் ஆசிரியை

காதங்கியில் இருப்பது எம்எஸ்டி ரேடார். தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்துடையது, 53 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. தலைக்கு மேலே செங்குத்தாகவும் கொஞ்சம் சாய்வாகவும் பார்த்து, வெவ்வேறு உயரங்களில் காற்று எப்படி வீசுகிறது என்று அளக்கும் ஆராய்ச்சிக் கருவி. சுற்று வட்டார மழையை வரைபடமாகக் காட்டுவது அதன் வேலை அல்ல.

செயலி சொல்லும் நேரத்தைப் பற்றி. ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரி ஒன்பது கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. 2025 மே மாதம் நம் நாட்டில் தொடங்கிய பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம் ஆறு கிலோமீட்டர் கட்டம். உலகம் முழுவதையும் இத்தனை நுணுக்கமாகக் கணக்கிடுவது பெரிய விஷயம். ஆனால் ஒரு தனி இடிமேகத்தின் மழைத்தூண் சில கிலோமீட்டர் அகலம்தான், முக்கால் மணி நேரத்தில் பிறந்து முடிந்துவிடும். அது கார்வேட்டிநகரத்தில் எழுமா, பள்ளிப்பட்டில் எழுமா என்று காலையில் எந்த மாதிரியாலும் சொல்ல முடியாது. மாதிரியிடம் கேட்க வேண்டியது வேறு: இன்று சித்தூர் மேட்டுப்பகுதியில் இடிமழை உருவாகும் சூழல் இருக்கிறதா? அதற்கு விண்டியில் கேப் அளவை, அதாவது காற்று மேலெழுந்து இடிமேகமாக வளர எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதைப் பாருங்கள். மதியத்துக்கு மேல் 2,000-ஐத் தாண்டினால் கவனம் தேவை. அடுத்து 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக் காற்று, அதாவது மூன்று கிலோமீட்டர் உயரம். அது மேற்கு, வடமேற்கிலிருந்து வீசினால் சித்தூர் மழை உங்களுக்கு வரும். காற்றே இல்லாமல் மந்தமாக இருந்தால் மழை பிறந்த இடத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். கிழக்கிலிருந்து வீசும் நாளில் மட்டும் நகரி மலையைப் பாருங்கள்.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் வரும் சொற்களுக்கும் அளவு உண்டு. ஓரிரு இடங்களில் என்றால் அந்தப் பகுதி மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை, ஒருசில இடங்களில் என்றால் 26 முதல் 50 வரை, பல இடங்களில் என்றால் 51 முதல் 75 வரை. ஓரிரு இடங்களில் இடிமழை என்று வந்த நாளில் உங்கள் தோப்பு காய்ந்தே கிடந்தாலும் அறிக்கை சரியாகவே இருந்திருக்கலாம்.

ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே முப்பது விநாடிக்குள் இருந்தால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் விழுகிறது. அடுத்த மின்னல் உங்கள் தோப்பில் விழலாம், மழை வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மரத்தடியும் வேண்டாம், திறந்த டிராக்டர் பெட்டியும் வேண்டாம். கதவு மூடிய வேன், கான்கிரீட் கட்டடம் இரண்டும் சரி. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்ப இறங்க வேண்டும்.

நகரி நூல்காரர்

எல்லைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டுக் கடலில் தொடங்கிப் பள்ளிப்பட்டு வரை நீள்கிறது. அந்த மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கை போட்டால் அது பொன்னேரிக்காகவும் இருக்கலாம். உங்களுக்கு மழை வருவது ஆந்திராவிலிருந்து. சித்தூர் மாவட்டத்துக்கான மூன்று மணி நேர முன்னறிவிப்பு அமராவதி மையத்திலிருந்து வரும். அதையும் பாருங்கள். ஆந்திரப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இடி மின்னல் எச்சரிக்கையை மண்டலம் மண்டலமாகத் தெலுங்கில் போடுகிறது. உங்கள் ஊரில் தெலுங்கு புரியாத வீடு இருக்காது.

திருத்தணி மழைமானி

அண்ணன் சொன்னதோடு தாமினி செயலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூனாவில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் செயலி. 20, 40 கிலோமீட்டர் வட்டங்களுக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். தோப்பை மையமாக வைத்தால் 40 கிலோமீட்டர் வட்டத்தின் விளிம்பு சித்தூரைத் தொடும், உங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. சித்தூர் பக்கம் விளிம்பில் மின்னல் தெரிந்ததும் ரேடாரைத் திறங்கள். அரை மணி இடைவெளியில் இரண்டு படம் எடுத்து, மழையின் முன்விளிம்பு எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்று அளந்தால் வேகம் கிடைத்துவிடும்.

மாந்தோப்பு பள்ளிப்பட்டு

எல்லாருக்கும் நன்றி. நேற்று அப்படியே செய்து பார்த்தேன். காலையில் 700 மட்டத்தில் மேற்குக் காற்று. 3.20 மணி படத்தில் சித்தூர் ஊருக்கு மேலேயே ஒரு சிவப்பு, தாமினியிலும் அந்தப் பக்கம் புள்ளிகள். 3.50-க்கு அது கங்காதர நெல்லூருக்கு வந்துவிட்டது, பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து எங்களுக்கு இருபத்து மூன்று. முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போட்டு நாலு மணிக்கே ஆட்களை வேனில் ஏற்றிவிட்டோம், காய்க்குத் தார்ப்பாயும் கட்டியாயிற்று. 4.25-க்குக் காற்று வந்தது. முதலில் குளிர்ந்த வாடை, பிறகு செம்மண் புழுதி, வடமேற்கு மூலையில் இருக்கும் பழைய பங்கனபள்ளி மரத்தில் ஒரு கிளை முறிந்தது. அந்த மரத்தடியில்தான் தினமும் தூக்குவாளியை வைத்துச் சாப்பிடுவார்கள். மழை வந்தது அதற்கும் பத்து நிமிடம் கழித்து.

இரண்டு சந்தேகம் மிச்சம். கணக்குக்கு முன்னாலேயே காற்று எப்படி வந்தது? மழை விட்டு வெயில் வந்த பிறகு, கார்வேட்டிநகரம் பக்கம் திடீரென்று புதிதாக ஒன்று எழுந்து இடித்தது. சித்தூர் பக்கம் அப்போது ஒன்றும் இல்லை. அதை எப்படிப் பிடிப்பது?

இயற்பியல் ஆசிரியை

அந்த மரத்தடியில் நேற்று யாரும் இல்லை என்பதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இரண்டு சந்தேகத்துக்கும் காரணம் ஒன்றுதான். மழையோடு மேகத்திலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபக்கமும் ஓடும், மழையை முந்திக்கொண்டு ஓடும். காய் உதிர்வதும் கிளை முறிவதும் பெரும்பாலும் அதனால்தான். அதே குளிர்காற்று போகிற வழியில் வெப்பமான ஈரக்காற்றை மேலே நெம்பித் தூக்கும். மலைச்சரிவும் அங்கே இருந்தால் புதிய இடிமேகம் அந்த இடத்திலேயே எழும். கார்வேட்டிநகரத்தில் நடந்தது அப்படித்தான் இருக்க வேண்டும்.

திருத்தணி மழைமானி

அந்தக் குளிர்காற்றின் முன்விளிம்பு சில சமயம் பிபிஐ இசட் படத்தில் மழைக்கு முன்னால் மெல்லிய வில் போன்ற கோடாகத் தெரியும். ஆனால் நீங்கள் ரேடாரிலிருந்து தூரம், கற்றை அதற்கு மேலே போய்விடும். அதனால் கோடு தெரியும் என்று காத்திருக்க வேண்டாம். மழை வருவதாகக் கணக்கிடும் நேரத்திலிருந்து இருபது நிமிடத்தைக் கழித்துக்கொள்ளுங்கள், அதுதான் ஆட்கள் வெளியே வர வேண்டிய நேரம். முதல் மழைக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குச் சித்தூரை விட்டுவிட்டுத் தாமினியின் 20 கிலோமீட்டர் வட்டத்தையும், மேக்ஸ் இசட்டின் பக்கவாட்டுப் பட்டையையும் பாருங்கள். புதிதாக எழும் மேகம் முதலில் உயரத்தில்தான் தெரியும், தரைக்கு வரக் கால் மணி நேரமாவது ஆகும்.

நகரி நூல்காரர்

கார்வேட்டிநகரத்தில் எனக்குத் தெரிந்த நூல் வியாபாரி இருக்கிறார். வடக்கே இருட்டினால் உங்களுக்குப் போன் போடச் சொல்லிவைக்கிறேன். நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், இங்கே போட வேண்டாம்.