ஏரிக்கரை வேலைக்குப் போன அம்மாவுக்கு உண்ணிக் காய்ச்சல்: ஊரில் புகை மருந்து அடித்தால் போதுமா?

கேள்வி – அடிவாரத்துப் பெண்

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாதுமலை அடிவாரம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். கார்த்திகையில் மழை விட்டதும் ஏரிக்கரையில் சீமைக்கருவேலமும் புதரும் வெட்டுகிற வேலை. அது முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. நடுக்கம், மண்டையிடி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தம் பார்த்து டைபாய்டு என்றார்கள். தினமும் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, மூச்சு வேறு வாங்க ஆரம்பித்தது.

பயந்துபோய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த நர்சம்மா திரைக்குப் பின்னால் வைத்து முழுசாகப் பார்த்தார். பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் மிளகு அளவுக்குக் கருப்பாக ஒரு பொருக்கு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அம்மாவுக்கே தெரியவில்லை. அங்கேயே மாத்திரை கொடுத்து, 108-இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இப்போது நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார்.

என் கவலை இதுதான். அதே வேலைக்குப் போன இன்னும் இரண்டு பெண்களுக்குக் காய்ச்சல். பஞ்சாயத்தில் கேட்டால் புகை மருந்து அடிக்கிறோம் என்கிறார்கள். அது போதுமா? வீட்டில் மாடு இருக்கிறது, அதன் உண்ணியிலிருந்து வந்திருக்குமா? என் பிள்ளைக்கு நாலு வயது, பாட்டியோடுதான் படுத்திருந்தான். ஒட்டிக்கொள்ளுமா?

பதில் – ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

பிள்ளையைப் பற்றிப் பயப்படாதீங்கம்மா. இது மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது. மாட்டையும் விற்க வேண்டாம். மாட்டின் காதில் தொங்குகிறதே, அந்த உண்ணி இதற்குக் காரணமில்லை. இது மண்ணிலும் புதரிலும் வாழ்கிற, சிற்றுண்ணி என்கிற ஒரு சின்னஞ்சிறு பூச்சி. அதன் குஞ்சுப் பருவம் மட்டும்தான் கடிக்கும். அந்தக் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தட்டுப்படாது. எலியின் மேல் ஏறி வாழும், நாம் குறுக்கே போனால் நம் மேல் ஏறும். கிருமி தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் போய்விடும். அதனால் ஒரு புதரில் கிருமி குடியேறிவிட்டால் அடுத்தடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.

புகை மருந்து பறக்கிற கொசுவுக்கானது. டெங்கு வந்த தெருவில் அடிக்கலாம். தரையோடு ஒட்டி, செடியின் அடியில் இருக்கிற இந்தப் பூச்சியை அது ஒன்றும் செய்யாது. என் பணிக்காலம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். புகை வண்டி வந்து போனால் ஊருக்கு நிம்மதியாகிவிடுகிறது, அந்த நிம்மதியில் புதர் அப்படியே நிற்கிறது. பஞ்சாயத்தில் கேட்க வேண்டியது வேறு. வீடுகளைச் சுற்றியும், பள்ளிக்கூடத்துக்கும் பால்வாடிக்கும் போகிற பாதையிலும் புதரை வெட்டி, வெட்டியதை அங்கேயே குவித்து வைக்காமல் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். குப்பைமேடும் போக வேண்டும், எலி அங்கேதான் பெருகும்.

வேலைக்குப் போகிறவர்கள் விஷயம்தான் முக்கியம். சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிற பழக்கம் நம் பெண்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அது நல்ல பழக்கம், விடவேண்டாம். அடிபடுவது சாப்பாட்டு நேரத்தில்தான். நிழலைப் பார்த்துப் புல்லிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், கொஞ்சம் சாய்ந்து படுப்பார்கள், வியர்த்த துண்டைப் புதர் மேல் காயப்போட்டு மறுபடி தோளில் போட்டுக்கொள்வார்கள். ஒரு தார்ப்பாய் விரித்து உட்காரச் சொல்லி பணித்தளப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்தின துணியைத் துவைக்கப் போட்டுவிட வேண்டும். அதே சேலையோடு அடுப்படிக்குப் போய் ராத்திரி வரை இருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காலிலும் கையிலும் டீட் கலந்த பூச்சிவிரட்டிக் களிம்பு பூசிக்கொள்ளலாம். இதற்குத் தடுப்பூசி கிடையாது.

காய்ச்சலாக இருக்கிற அந்த இரண்டு பேரையும் நாளைக்கே சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். போகும்போது "ஏரிக்கரையில் புதர் வெட்டினோம், கூட வேலை செய்தவருக்கு உண்ணிக் காய்ச்சல்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். அங்கேயுள்ள சுகாதார ஆய்வாளரிடம் ஊரில் காய்ச்சல் முகாம் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரே வேலைத்தளத்தில் மூன்று பேர் என்றால் தாராளமாகக் கேட்கலாம்.

பதில் – ஆய்வகக் காரர், வேலூர்

சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இதற்குச் செய்கிற ஐஜிஎம் எலைசா என்கிற ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் வந்த முதல் சில நாட்களில் நெகட்டிவ் என்று வரலாம், உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாக நாளாகும். அதனால் பொருக்கு தெரிந்தாலோ சந்தேகம் வலுவாக இருந்தாலோ, ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின் தொடங்குவதுதான் முறை. விலை குறைந்த பழைய மாத்திரைதான். டைபாய்டுக்குப் போடுகிற செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமியைத் தொடாது. உங்கள் அம்மாவுக்கு ஊசி கேட்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வைடால் என்கிற டைபாய்டு டெஸ்ட்டை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது, வேறு காய்ச்சலிலும் அது பாசிட்டிவ் காட்டும்.

நோய் முற்றி நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கியவர்களுக்கும் வழி உண்டு. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசின் என்கிற இன்னொரு கிருமிக்கொல்லி மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால், ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பலன் என்று எங்கள் ஊர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் முன்நின்று நடத்திய ஆய்வில் தெரிந்து, 2023-இல் வெளியானது. ஆனால் அந்த நிலைக்குப் போகவிடக் கூடாது.

பதில் – கிராம சுகாதார செவிலியர்

தங்கச்சி, அந்த இரண்டு பேரும் இளவயதுப் பெண்கள் என்றால் கர்ப்பமா என்று முதலில் கேட்டுவிடு. கர்ப்பத்தில் இந்தக் காய்ச்சல் வந்தால் கரு கலையும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு அசித்ரோமைசின்தான் கொடுப்பார்கள். சும்மா காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது.

பொருக்கை எங்கே தேடுவது என்றும் சொல்கிறேன். அக்குள், மார்புக்கு அடியில், இடுப்பு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், முடிக்கு உள்ளே. சிகரெட்டால் சுட்ட மாதிரி நடுவில் கருப்பாக இருக்கும். ஈரம் தங்குகிற மடிப்பில் கருப்பு இல்லாமல் வெளுத்த புண்ணாகவும் இருக்கலாம். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் நன்றாகப் பாருங்கள். எங்கள் பெண்கள் ஆண் டாக்டரிடம் இதையெல்லாம் காட்டமாட்டார்கள். கூச்சப்பட்டு "ஒண்ணும் இல்லைங்க" என்றுவிடுவார்கள். எங்களைக் கூப்பிட்டால் நாங்கள் பார்க்கிறோம், அதற்குத்தானே இருக்கிறோம். பொருக்கு எல்லாருக்கும் வருவதில்லை. காணோம் என்பதற்காக இந்தக் காய்ச்சல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதே.

அடிவாரத்துப் பெண்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இருவரையும் இன்று காலையில் கூட்டிப்போனேன். ஒருவருக்குக் காதுக்குப் பின்னால், கூந்தல் மறைக்கிற இடத்தில் பொருக்கு இருந்தது. இன்னொருவருக்குப் பொருக்கு இல்லை, ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இருவருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். யாரும் கர்ப்பம் இல்லை அக்கா. அம்மாவுக்கு ஒருமுறை வந்துவிட்டதால் இனி வராது, தைரியமாக வேலைக்குப் போகலாம் என்கிறார்கள். உண்மையா சார்?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

இல்லைம்மா. இந்தக் கிருமியில் பல வகை உண்டு, மறுபடியும் வரலாம். உடம்பு தேறினதும் போகட்டும், சட்டையும் தார்ப்பாயும் குளியலும் அவருக்கும் உண்டு. மாத்திரை தொடங்கிய இருவருக்கும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாமல், மருத்துவர் எழுதிக்கொடுத்த நாள் வரை சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சு எரியும், அதற்குப் பயந்தே பாதியில் விட்டுவிடுவார்கள்.