புராஸ்டேட் சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்குச் சிறுநீர்க் கசிவு, வியர்வை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 69 வயது. புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஐப்பசியில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லியூப்ரோலைடு ஊசி. பிஎஸ்ஏ (இந்தப் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) நன்றாக இறங்கிவிட்டது, அதில் பெரிய நிம்மதி.

அன்றாடம்தான் கஷ்டமாக இருக்கிறது. ஊசி ஆண் ஹார்மோனை அடக்குவதால் திடீரென்று முகமும் கழுத்தும் கொதிக்கிறது, பனியன் நனைகிறது, உடனே குளிர்கிறது. இரவில் மூன்று நான்கு முறை இப்படி எழுந்துவிடுகிறார். காபியையும் காரத்தையும் குறைத்ததில் கொஞ்சம் பலன் தெரிகிறது.

இருமினாலே சிறுநீர் கசிகிறது. கெகல் பயிற்சி (சிறுநீரை அடக்கும் இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்துவது) செய்கிறார், ஆனால் சரியான தசையைத்தான் இறுக்குகிறாரா என்று தெரியவில்லை. கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். சிறுநீர் அடர்த்தியானால் எரிச்சல்தான் கூடும் என்றாலும் கேட்பதில்லை. தினமும் கோயிலுக்கு நடந்து போனவர், வேட்டி நனைந்துவிடுமோ என்று இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வேட்டிக்குள் வெளியே தெரியாத பேடு, துவைத்துப் போடும் உள்ளாடை எது வசதியாக இருந்தது? இந்த வெயிலில் தொடை இடுக்கு புண்ணாகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? கசிவு குறைய உங்களுக்கு எத்தனை மாதம் ஆனது? மதுரைப் பக்கம் இந்தப் பயிற்சியை ஆண்களுக்குச் சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் தெரிவியுங்கள்.

மருந்து விஷயம் டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறோம். இதே சிகிச்சை எடுத்த பெரியவர் யாராவது அப்பாவிடம் பத்து நிமிடம் போனில் பேசினால் ரொம்ப உதவியாக இருக்கும். என்னிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்.